தாய்மொழியும் புகுந்த நாடும்

புகுந்த வீட்டிற்கு வாழவந்த பெண், பிறந்த வீட்டை அடியோடு மறந்தால்தான் நல்ல மருமகள் ஆவாள் என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. ஆனால், கடல் கடந்து குடியேறிய மக்களிடம் இத்தகைய மறதியையே நாட்டுப்பற்றின் அடையாளமாகச் சில நாடுகள் எதிர்பார்த்ததுண்டு. தாய்மொழியைப் பேணுபவன் குடியேறிய நாட்டுக்கு உண்மையானவனாக இருக்க முடியுமா? இந்த வினாவுக்கு விடை தேட, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறிய ஜெர்மானியரின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

1683ஆம் ஆண்டில் கிரேஃபெல்டு நகரிலிருந்து வந்த பதின்மூன்று குடும்பங்கள், பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்னும் ஊரை அமைத்தன. அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் வந்தனர். அவர்களின் பெருக்கத்தைக் கண்டு பெஞ்சமின் பிராங்க்ளின் போன்ற அறிஞரே அஞ்சினார். இவர்கள் நம்மைப் போல் ஆகாமல், நம்மைத் தம்மைப் போல் ஆக்கிவிடுவார்களோ என்று 1751இல் அவர் எழுதினார். அந்த அச்சம் மெய்யாகவில்லை. 1776இல் அமெரிக்கா விடுதலையை அறிவித்தபோது, அச்செய்தியை மறுநாளே வெளியிட்டு முந்திக்கொண்டது பிலடெல்பியாவின் ஜெர்மன் மொழிச் செய்தித்தாள் ஒன்றே. மொழி வேறாக இருப்பினும் உள்ளம் அந்நாட்டோடு ஒன்றியிருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கல்வித் துறையிலும் அவர்களின் கொடை பெரிது. 1839இல் ஓஹியோ மாநிலம் பொதுப் பள்ளிகளில் ஜெர்மன் மொழி கற்பிக்கச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே சின்சினாட்டி நகரில் இருமொழிக் கல்வி தொடங்கியது. 1856இல் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனில் மார்கரெத் ஷூர்ஸ் அம்மையார் தம் இல்லத்தில் தொடங்கிய ஜெர்மன் மொழிப் பாலர் பள்ளியே அமெரிக்காவின் முதற் பாலர் பள்ளி. இன்றும் அமெரிக்கக் குழந்தைகள் பாலர் பள்ளியைக் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் ஜெர்மன் சொல்லாலேயே அழைக்கின்றனர்.

இவ்வாறு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேரூன்றிய சமுதாயத்தின் நிலை, 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் தலைகீழாயிற்று. பகைவனின் மொழியைப் பேசுபவனும் பகைவனே என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். ஐரோப்பாவுக்குச் சென்ற அமெரிக்கப் படையை நடத்திய தளபதி பெர்ஷிங்கின் முன்னோரே ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. 1918 ஏப்ரலில், இல்லினாய் மாநிலத்தில் ராபர்ட் பிரேகர் என்னும் ஜெர்மானியத் தொழிலாளியை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. அடுத்த மாதம் அயோவா மாநில ஆளுநர், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும், ஏன், வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசலாகாது என்று ஆணை பிறப்பித்தார்.

போர் முடிந்த பின்னரும் பகைமை ஓயவில்லை. 1919 ஏப்ரலில் நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், ஆங்கிலம் தவிர வேறு மொழியில் எந்தப் பாடமும் நடத்தக் கூடாது. எட்டாம் வகுப்பில் தேறாத மாணவர்க்கு அயல்மொழியைக் கற்பிக்கவும் கூடாது என்பதே அச்சட்டம்.

அம்மாநிலத்தின் ஹாம்டன் என்னும் சிற்றூரில், லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர் ராபர்ட் மேயர். 1920 மே 25ஆம் நாள், இடைவேளை நேரத்தில், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவர் ஜெர்மன் மொழியில் விவிலியக் கதையைப் படிக்கக் கற்பித்துக்கொண்டிருந்தார். அப்போது மாவட்ட அரசு வழக்கறிஞர் அங்கே வந்தார். உடனே ஆங்கிலத்திற்கு மாறியிருந்தால் தமக்கு எந்தத் தொல்லையும் நேராது என்பதை மேயர் அறிந்தே இருந்தார். எனினும் அவர் மாறவில்லை, பாடத்தைத் தொடர்ந்தார். ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் அந்த ஒரு நொடியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேயருக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. சிறிய தொகைதான், ஆயினும் அவர் கட்ட மறுத்தார். மாநில உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1923 ஜூன் 4ஆம் நாள், எழுவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினர். ஒரு மொழியை அறிந்திருப்பது தன்னளவில் தீங்காகாது. கற்பிப்பது ஆசிரியரின் உரிமை. தம் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்வது பெற்றோரின் உரிமை. பொதுமொழியை அனைவரும் அறிதல் நன்றே எனினும், அரசியல் சட்டத்திற்கு முரணான வழியில் அதனைத் திணித்தல் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மறுத்து நின்ற இருவருள் ஒருவர் புகழ்மிக்க நீதிபதி ஹோம்ஸ். வீட்டில் அயல்மொழியை மட்டுமே கேட்டு வளரும் குழந்தை, பள்ளியிலேனும் ஆங்கிலம் கேட்க வேண்டும் என்று ஓர் அரசு கருதுவதில் தவறில்லை என்பது அவர் கருத்து. இதையும் நாம் புறக்கணித்தல் கூடாது. நாட்டின் பொதுமொழியைக் குழந்தை நன்கு கற்றாக வேண்டும். ஆனால், ஒன்றைக் கற்க மற்றொன்றை ஏன் மறக்க வேண்டும்?

வழக்கில் மேயர் வென்றார். மொழி வென்றதா? 1915இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஜெர்மன் பயின்றனர். 1922இல் அவர்கள் நூற்றுக்கு ஒருவராகக்கூட இல்லை. 1910இல் ஐந்நூறுக்கு மேல் இருந்த ஜெர்மன் இதழ்கள், 1920இல் பாதிக்கும் கீழே குறைந்தன. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திற்கு மாறுவது போருக்கு முன்பே தொடங்கியிருந்தது. போர்க்கால அச்சமும் நாணமும் அதனை விரைவுபடுத்தின. நீதிமன்றம் கதவைத் திறந்தபோது, உள்ளே வந்த பிள்ளைகள் மிகச் சிலரே.

அதே நாட்டில் ஆமிஷ் என்னும் சமயக் குழுவினர், இன்றும் தம் வீடுகளில் ஜெர்மன் கிளைமொழியைப் பேசுகின்றனர். பள்ளியில் அவர்கள் பிள்ளைகள் பயில்வது பெரும்பாலும் ஆங்கிலமே. எனினும் உணவு உண்ணும்போதும், வயலில் உழைக்கும்போதும், ஒருவரோடொருவர் உறவாடும்போதும் அம்மொழி ஒலிப்பதால் அது வாழ்கின்றது.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. நம் நாட்டிலும் தமிழ், சீனப் பள்ளிகள் அரசியல் சட்டத்திற்கு முரணானவை என்று வழக்குகள் தொடுக்கப்பட்டன. முரண் இல்லை என்று 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. அன்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் முதலாம் ஆண்டுப் பதிவேட்டைத் திறந்து வைத்து, வராத பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மொழியைக் கற்பிக்கும் உரிமையை நீதிமன்றம் காத்துத் தரலாம். அம்மொழியில் பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு தாயும் தந்தையும் வேண்டும். நாட்டின் மொழியை நாவாரப் பேசி, தாய்மொழியை மனமாரப் போற்றும் பிள்ளைகளை உருவாக்குவோமாக. அத்தகைய பிள்ளையை நோக்கி, நீ எந்த நாட்டுக்கு உரியவன் என்று கேட்க எவருக்கும் இடமிராது.