தல்பினா: ஒரு கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

காய்ச்சலில் கிடப்பவருக்கும், மய்யித்து வீட்டில் அழுது ஓய்ந்தவர்களுக்கும், ஸஹர் நேரத்திலும் தல்பினா காய்ச்சுவது இன்று சென்னையில் நம் வீடுகள் பலவற்றில் வழக்கமாகி வருகிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் சுன்னத்தான உணவு, அதனால் எவ்வளவு இனிப்புப் போட்டாலும் சுகர் ஏறாது என்று சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் நமக்குக் கவலை.

வாற்கோதுமை எனும் பார்லியின் மாவைக் கரைத்துக் காய்ச்சும் நீர்த்த கஞ்சி இது. பாலைப் போல வெண்மையாகவும் இளக்கமாகவும் இருப்பதால் 'லபன்' (பால்) என்ற அரபுச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், வந்த பெண்கள் கலைந்து சென்ற பிறகு, ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பினா சமைக்கச் சொல்வார்கள் என்றும், அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும், கவலையில் சிறிதைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தேன் எத்தனை கரண்டி என்று அதில் இல்லை. அது நாம் சேர்த்துக்கொண்டது.

100 கிராம் பார்லியில் சுமார் 10 கிராம் புரதமும் 15 கிராம் நார்ச்சத்தும் உண்டு. அதே அளவு வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. பார்லியின் சிறப்பு, கஞ்சியைக் கொழகொழப்பாக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ப்பொருள். இது குடலில் கூழாகி, சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. கெட்ட கொழுப்பையும் குறைக்கிறது. ஓட்ஸில் இது பெரும்பாலும் தவிட்டை ஒட்டியே இருக்கும். பார்லியில் மணி முழுவதும் பரவியிருக்கிறது. எனவே மயிலாப்பூர் கச்சேரி சாலையின் நாட்டு மருந்துக் கடையிலும் தி.நகர் மளிகைக் கடையிலும் கிடைக்கிற, தோல் தீட்டிய பார்லி அரிசியிலும் அது மிஞ்சியிருக்கும்.

கொழுப்பு குறைய நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 60 முதல் 75 கிராம் பார்லி தேவை. ஒரு கிண்ணம் தல்பினாவுக்கு நாம் போடுவது இரண்டு மேசைக் கரண்டி மாவு, அதாவது 20 கிராம். மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. இன்னொன்று: முழு மணியாக வேகவைத்துச் சாப்பிடுவதைவிட மாவாக அரைத்துக் காய்ச்சும்போது மாவுச்சத்து சீக்கிரம் செரித்து, சுகர் வேகமாக ஏறும். சுகர் உள்ளவர்கள் ரவை பதத்தில் உடைத்துக் காய்ச்சலாம்.

இனி இனிப்பு. 20 கிராம் மாவு, 200 மி.லி. ஆவின் நீலப் பாக்கெட் பால், ஒரு தேக்கரண்டி தேன் என்றால் மொத்தம் சுமார் 200 கலோரி, 8 கிராம் புரதம். அருமையான காலை உணவு. அதிலேயே மூன்று மேசைக் கரண்டி தேன் ஊற்றினால் சர்க்கரை மட்டும் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த வழிகாட்டுதலின்படி, ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பதே சிறந்தது. அந்தக் கணக்கில் தேனும் சேரும். மேலே நாலு பேரீச்சம்பழமும் போட்டுவிட்டு 'மருந்து' என்று அத்தாவுக்குக் கொடுப்பது சரியா?

கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆருடன் இணைந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று கணக்கிட்டது. நம் குடும்பங்கள் அதற்கு வெளியே இல்லை. சுகர் உள்ளவர்கள் தேனைத் தவிர்த்து, ஒரு சிறு பேரீச்சம்பழத்தோடு நிறுத்தலாம். இட்லி தோசைக்கு மேல் குடிக்காமல், அதற்குப் பதிலாகக் குடிக்க வேண்டும். முதல் சில நாள்கள் இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் பார்த்துக்கொள்வது நல்லது.

மனச்சோர்வுக்கு உதவுமா என்று மலேசியாவில் முதியோரிடம் ஓர் ஆய்வு நடந்து 2013-ல் வெளியானது. தல்பினா சாப்பிட்டபோது சோர்வு குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் 30 பேர்தான். அதை நம்பி மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள்.

காய்ச்சும் முறை எளிது. பார்லியை வாசம் வரும்வரை வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக் கரண்டி மாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் பத்து நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். பிறகு பால். இறக்கிச் சூடு தணிந்ததும் தேன்.

கோதுமை ஒத்துக்கொள்ளாது, குளூட்டன் கூடாது என்று மருத்துவர் சொன்னவர்களுக்குப் பார்லியும் ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்து ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் வளர்ந்து, மூச்சையே பாதிக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.