எழுபது வருஷப் பந்தயம்

பூகோளமும் பந்தாட்டமும் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ஒத்துவராத சமாசாரங்கள். அப்படிப்பட்டவன் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைக் கண்டு என் வீட்டாரே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எல்லோரும் ஆசையாக வளர்த்த ஒரு பகையை ஓர் அட்டவணை எப்படி முடித்து வைத்தது என்ற சரித்திரத்தைச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். மனசை விட்டுப் போக மறுக்கிறது.

பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அக்கம்பக்கத்துச் சர்வகலாசாலைகள் கூடி ஆட்ட விதிகளையும் ஆட்டக்காரர்களின் யோக்கியதையையும் கட்டுப்படுத்த அமைத்துக் கொண்ட சங்கத்துக்குக் 'கான்பரன்ஸ்' என்று பெயர். 1896-ல் சிகாகோவைச் சுற்றிய பிரதேசத்தில் ஏழு சர்வகலாசாலைகள் சேர்ந்தன. அதுதான் பின்னால் 'பிக் டென்' ஆயிற்று. ரயிலில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் எதிரி இருந்தான். வருஷம் தவறாமல் வந்தான். பகை வளர வேறென்ன வேண்டும்?

அப்படி வளர்ந்ததுதான் நெப்ராஸ்கா - ஓக்லஹோமா பந்தயம். 1928 முதல் 1997 வரை ஒரு வருஷம்கூட விடாமல் மோதினார்கள். யுத்த காலத்தில்கூட நிற்கவில்லை. 1971 நவம்பரில், நன்றியறிதல் திருநாளன்று, நாட்டின் முதலாவது கோஷ்டியாக நெப்ராஸ்காவும் இரண்டாவதாக ஓக்லஹோமாவும் நார்மன் நகரில் சந்தித்தன. நெப்ராஸ்கா 35, ஓக்லஹோமா 31. 'நூற்றாண்டின் ஆட்டம்' என்றார்கள். அமெரிக்கர்கள் சற்றுத் தாராளமாகவே வழங்கும் பட்டம்தான் அது. ஆனாலும் இந்த ஆட்டத்துக்கு ஒட்டிக் கொண்டது.

யுத்தத்தால் முடியாததை எது சாதித்தது?

1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கல்லூரி ஆட்டங்களை டெலிவிஷனில் காட்டும் உரிமையைத் தேசியச் சங்கம் தன் கையிலேயே வைத்துக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஓக்லஹோமா சர்வகலாசாலைதான்! அதன் பிறகு பேரம் பேசும் வேலை கான்பரன்ஸுகளிடம் வந்தது. பெரிய கான்பரன்ஸுக்குப் பெரிய பணம்.

கூடவே ஒரு சின்ன விதி. பன்னிரண்டு அங்கத்தினர் இருந்து, இரண்டு பிரிவாகப் பிரிந்து ஆடினால், இரு பிரிவு முதல்வர்களும் மோத ஒரு கூடுதல் ஆட்டம் நடத்தலாம். பென்சில்வேனியாவின் சிறிய கல்லூரிகளை உத்தேசித்து 1987-ல் வந்த விதி இது. தென்கிழக்குக் கான்பரன்ஸார் அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு, 1992-ல் பிர்மிங்ஹாமில் தங்கள் முதல் இறுதியாட்டத்தை நடத்தினார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் ஆசை வந்துவிட்டது.

1996-ல் நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் இருந்த 'பிக் எய்ட்', டெக்ஸாஸிலிருந்து நாலு பேரைச் சேர்த்துக் கொண்டு 'பிக் ட்வெல்வ்' ஆயிற்று. வடக்கே ஆறு, தெற்கே ஆறு. ஓக்லஹோமா தெற்கு, நெப்ராஸ்கா வடக்கு. கணக்கைப் பாருங்கள். கான்பரன்ஸுக்குள் வருஷத்துக்கு எட்டு ஆட்டம். சொந்தப் பிரிவில் ஐந்து போனால், மறு பிரிவின் ஆறு பேருக்கு மிச்சம் மூன்று. ஆகவே இரண்டு வருஷம் ஆட்டம், இரண்டு வருஷம் ஓய்வு. 1998-ல் நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் ஆடவில்லை. 1999-லும் ஆடவில்லை.

கணக்கு அப்படி, யார் என்ன செய்ய முடியும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அதே சிக்கல் தென்கிழக்கிலும் இருந்ததே! அலபாமா ஒரு பிரிவு, டென்னஸி மறு பிரிவு. அவர்கள் மறு பிரிவில் நிரந்தர எதிரி என்று ஏற்பாடு செய்து, அந்தப் பழைய பந்தயத்தைக் காப்பாற்றிக் கொண்டார்கள். ஆக, மனசு இருந்திருந்தால் இங்கும் முடிந்திருக்கும். டெக்ஸாஸோடு வருஷா வருஷம் ஆட்டம் உறுதியாயிருந்ததால் ஓக்லஹோமாவுக்கு நஷ்டம் அவ்வளவாக உறைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நெப்ராஸ்காவுக்கு அப்படி ஈடு எதுவும் கிடைக்கவில்லை.

2011-ல் நெப்ராஸ்கா பிக் டென்னுக்குப் போயிற்று. அப்போது பிக் டென்னில் பன்னிரண்டு பேர். பிக் ட்வெல்வில் பத்துப் பேர்! பிக் டென்னார் தங்கள் இரு பிரிவுகளுக்கு 'இதிகாச புருஷர்கள்', 'தலைவர்கள்' என்று பெயர் சூட்டினார்கள். யார் எந்தப் பிரிவு என்று ரசிகர்களுக்கே நினைவு நிற்கவில்லை. 2014-ல் கிழக்கு, மேற்கு என்று சாதுவாக மாற்றினார்கள். 2023 வரை நடந்த பத்து இறுதியாட்டத்திலும் கிழக்கே வென்றது. பிரிவு கட்டாயமில்லை என்று 2022-ல் விதி தளர்ந்தது; 2024-ல் பிக் டென்னில் பிரிவுகளே இல்லை. அங்கத்தினர் பதினெட்டு. நியூ ஜெர்ஸிக்காரர்களும் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களும் ஒரே கான்பரன்ஸ். நடுவே இரண்டாயிரம் மைலுக்கு மேல்! அதே வருஷம் ஓக்லஹோமா தென்கிழக்கில் சேர்ந்தது.

1971 ஆட்டத்தின் ஐம்பதாவது வருஷத்தை முன்னிட்டு, 2021 செப்டம்பரில் அதே நார்மனில் பழைய எதிரிகள் சந்தித்தார்கள். இந்தத் தடவை ஓக்லஹோமா 23, நெப்ராஸ்கா 16. எந்தக் கான்பரன்ஸின் கணக்கிலும் அந்த ஆட்டம் சேரவில்லை.