பார்க்காத நொதிக்கு ஒரு மருந்து

அப்பா தினமும் போடும் பிரஷர் மாத்திரையின் பெயர் ‘ப்ரில்’ என்று முடியும். அந்தக் குடும்பத்தில் மூத்தது காப்டோப்ரில். அதன் கதை பிரேசிலின் ஜரராகா என்ற விரியனிடம் தொடங்குகிறது.

ஜரராகா விஷத்திலிருந்த ஒரு பொருளை 1965-இல் விவரித்தவர் செர்ஜியோ ஃபெரைரா. பிறகு அதை லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அது ஏசிஇ என்ற நொதியை முடக்குவது அங்கே தெரிந்தது. 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சினின் வாலில் இரண்டை வெட்டி, ரத்தக்குழாயை இறுக்கும் பொருளாக மாற்றுவது இந்த நொதிதான். வெட்டுமிடத்தில் ஒரு துத்தநாக அயனி இருக்கிறது.

விஷத்தின் பெப்டைடை ஊசியாகத்தான் போட முடியும், விழுங்கினால் பலிக்காது. ஸ்க்விப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் மாத்திரை தேடினார்கள். சிக்கல் என்னன்னா, ஏசிஇயின் வடிவம் அப்போ யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தது கணையத்தின் கார்பாக்ஸிபெப்டிடேஸ்-ஏ. அதுவும் துத்தநாகத்தை வைத்துத்தான் வெட்டும்; ஆனால் வாலில் ஒன்றை மட்டும். அதை அடைக்கும் சிறு மூலக்கூறு ஒன்றை 1973-இல் பயர்ஸும் வுல்ஃபென்டனும் வெளியிட்டிருந்தார்கள். ‘இரண்டு வெட்டுதுன்னா, துத்தநாகம் ஒரு அமிலம் தள்ளி இருக்கணும்’ என்பது இவர்கள் கணக்கு. அந்த மூலக்கூறை நீட்டி, விஷப் பெப்டைடின் வாலிலிருந்த புரோலினைச் சேர்த்தார்கள். பலம் போதவில்லை. துத்தநாகத்தைப் பிடிக்கும் முனையில் கந்தகம் வைத்ததும் சுமார் 1,000 மடங்கு கூடியது. 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஏசிஇயின் உருவம் 2003-இல்தான் வெளிவந்தது. பார்த்தால், கார்பாக்ஸிபெப்டிடேஸ்-ஏ போல அது இல்லவே இல்லை! துத்தநாகக் கணக்கு மட்டும் பலித்திருந்தது.

நான் மென்பொருள் எழுதுறவன். பார்க்க முடியாத கோடை வேறொரு கோடை வைத்து ஊகித்து, பலமுறை அடி வாங்கியிருக்கேன். இவர்கள் உறவை முழுசா நம்பவில்லை. வேலைக்குத் தேவையான ஒரே ஒற்றுமையை மட்டும் நம்பினார்கள். அப்பாவின் மாத்திரை டப்பாவில் இருப்பது அந்த நிதானம்தான்.