நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமா?

பருவத் தொடக்கத்தில் அலோர் ஸ்டார் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலையின் இரு பக்கமும் தண்ணீர் நிற்கும் வயல்தான். நெல் தண்ணீரிலேயே வாழும் செடி என்றுதானே நினைப்பீர்கள்?

அதுதான் இல்லை. நெல் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியாக ஆக்சிஜன் வேர்வரை இறங்கும். பல களைகளுக்கு அந்த வசதி கிடையாது. தேங்கும் தண்ணீர் முக்கியமாகக் களையை அடக்கத்தான்.

சரி, நெருக்கமாக நட்டால் நிறைய விளையுமா? நெல் ஒரே தண்டாக வளராது. அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிக்கும். அதைத் 'தூர் கட்டுவது' என்பார்கள். நெருக்கம் கூடினால் அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாது, தூர் குறையும், தண்டு மெலிந்து காற்றில் சாயும்.

1980களில் மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லௌலானி வேறு வழியைக் காட்டினார். இரண்டு வாரத்துக்கும் குறைந்த வயதுள்ள நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி. தமிழ்நாட்டில் இதன் பெயர் 'திருந்திய நெல் சாகுபடி'. ஒற்றை நாற்றா என்று முதலில் யாருக்கும் நம்பிக்கை வராதுதான். ஆனால் இடம் கிடைத்த நாற்று நிறையத் தூர் கட்டும். அதற்காக இன்னும் தள்ளித் தள்ளி நடலாமா? வேண்டாம். இடைவெளியைக் களை பிடித்துக்கொள்ளும்; தாமதமாக வெடித்த தூரில் கதிர் சரியாக முற்றாது.

தண்ணீருக்கும் ஒரு கணக்கு உண்டு. வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைக்கிறார்கள். உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டருக்கு இறங்கினால் மறுபடி பாய்ச்ச வேண்டும். நம் விவசாயிகள் இதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். 30 விழுக்காடு வரை தண்ணீர் மிச்சமாகும். காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் மீத்தேனும் நன்றாகக் குறையும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. விட்டால் நெல்மணிக்குப் பதில் பதர்தான்.

இதை அப்படியே கெடாவில் செய்துவிடலாமா? அவ்வளவு சுலபம் இல்லை. அங்கே பெரும்பாலும் நாற்று நடுவதில்லை, விதையை நேரடியாகத் தூவுகிறார்கள். வயல் காய்ந்தால் 'பாடி ஆஙின்' எனப்படும் களைநெல் முளைக்கும். பார்வைக்கு நெல் மாதிரியே இருப்பதால் பிடுங்குவதும் கஷ்டம். அதோடு வாய்க்கால் தண்ணீர் பலருக்குப் பொது. எப்போது காயவிடுவது, எப்போது பாய்ச்சுவது என்பதை ஒரு விவசாயி மட்டும் முடிவு செய்ய முடியாது.