வழிநடை அறம்

யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் ஆகியவற்றை ஒருங்கே அமைத்தல் முன்னோர் போற்றிய அறமாகும். சுமையிறக்கிய வழிப்போக்கர் நிழலில் இளைப்பாறினர். மாடுகள் நீரருந்திக் கல்லில் உரோஞ்சித் தினவு தீர்த்தன. பருத்தித்துறைத் தெருமூடிமடம் அவ்வறத்துக்கு இன்றுஞ் சான்றாய் நிற்கின்றது.

1958 சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. முன்னாளில் நாட்கணக்கிற் சென்ற கொழும்புப் பயணம் இன்று ஓரிரவுக்குள் அடங்குகின்றது. வேகம் வளர்ந்த அளவுக்கு வழித்தங்கல் வளர்ந்திலது. மலசலகூடம் எங்கு வாய்க்குமோ என அஞ்சி, பெண்டிரும் முதியோரும் நீரருந்தாதே பேருந்தேறுவர். அவ்வடக்கம் சிறுநீர் நோய்க்கு இடமளிக்கும் என்பது மருத்துவர் கூற்று.

மாட்டின் தினவையும் எண்ணிக் கல் நாட்டிய மண்ணிலே, பயணிகளுக்குத் தூய மலசலகூடம் அமைப்பதும் அப்பழைய அறத்தின் தொடர்ச்சியேயாம்.