ஏறுபூரான், இறங்குபூரான்

குரங்கணியில் எங்க தாத்தா மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைத்தான் பார்ப்பார். முதுகு முடி மேல்நோக்கி ஓடினால் ஏறுபூரான், வீடு ஏறும். கீழ்நோக்கி ஓடினால் இறங்குபூரான், வீடு இறங்கும். நான் ஏழாவது படிக்கும்போது எங்க வீட்டுப் பசு போட்ட கன்றுக்கு இறங்குபூரான். "வீட்டுக்கு ஆகாதுடா"ன்னு சொல்லி, போடியில் இருந்து வந்த தரகரிடம் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார். பசு மூணு நாள் கத்தியது. எனக்கு அப்போதே ஒரு கேள்வி: முடி எந்தப் பக்கம் சாயணும்னு அதுக்கு யார் சொல்றாங்க?

பதில் மாட்டிடம் இருந்து வரவில்லை, பழ ஈயிடம் இருந்து வந்தது.

பழ ஈயின் ஒரு இறக்கையில் சுமார் 30,000 செல்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முடி. எல்லாம் இறக்கையின் நுனியைப் பார்த்தே சாய்ந்திருக்கும், காற்றில் சாய்ந்த நெல் வயல் மாதிரி. ஆனால் இங்கே காற்று கிடையாது. விரிப்பு போலப் பரவிய செல்கள் எல்லாம் ஒரே திசையை அறிந்திருப்பதைத்தான் தள முனைவு என்கிறோம்.

இந்த ஒழுங்கு குலைந்து முடிகள் சுழன்று கிடக்கும் ஈக்களை 1982இல் டேவிட் கப், அந்தோனியோ கார்சியா-பெயீதோ இருவரும் முறையாக ஆராய்ந்தார்கள். அப்படிக் குலைக்கும் மரபணு ஒன்றின் பெயர் 'ஃப்ரிசில்ட்'. சுருட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

திருப்பம் 1987இல். சார்லஸ் வின்சன், பால் ஆட்லர் இருவரும், இறக்கையின் ஒரு சிறு திட்டில் மட்டும் அந்த மரபணு வேலை செய்யாத ஈக்களைப் பார்த்தார்கள். திட்டுக்குள் முடி கோணியதில் வியப்பில்லை. ஆனால் திட்டுக்கு வெளியே, நுனிப் பக்கம் இருந்த நல்ல செல்களின் முடியும் திரும்பியிருந்தது! அதாவது ஒரு செல் தன் திசையைத் தனியாக முடிவு செய்வதில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்கிறது.

1998இல் இன்னொரு மரபணு கிடைத்தது. இறக்கை முடிகளின் சுழல் ஓவியர் வான் கோவின் வானத்தை நினைவூட்டியதால் ஆட்லர் குழு அதற்கு அவர் பெயரையே வைத்தது. செல்லின் ஒரு ஓரத்தில் ஃப்ரிசில்ட் புரதம், எதிர் ஓரத்தில் வான் கோ புரதம். ஒரு செல்லின் ஃப்ரிசில்ட் ஓரம் அடுத்த செல்லின் வான் கோ ஓரத்தோடு ஒட்டி நிற்கும். ஒரே செல்லுக்குள்ளே இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். இப்படி வீட்டுக்கு வீடு செய்தி போகிறது.

சுழிக்கு வருவோம். 2004இல் ஜெரமி நேதன்ஸ் குழு, ஃப்ரிசில்ட்-6 இல்லாத எலிகளின் பாதத்திலும் தலையிலும் சுழிகளைக் கண்டது. பாலூட்டியின் தோலிலும் அதே குடும்பத்து மரபணு! 2006இல் அவர்கள் காட்டியது இன்னும் அழகு. அந்த எலிகளில் முடிக்கால்கள் முதலில் கண்டபடி திரும்பி நிற்கின்றன. பிறகு பக்கத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போக மெல்லத் திரும்புகின்றன. சுற்றிலும் ஒத்துப்போய், நடுவில் மட்டும் ஒத்துப்போக முடியாமல் மிஞ்சுகிற இடம்தான் சுழி.

இது வெறும் முடிக்கதை இல்லை. கருவில் செல்கள் திசை அறிந்து ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தால்தான் உடல் குறுகி நீளும், தண்டுவடமாகப் போகிற குழாய் மூடும். எலியில் வான் கோ வகை மரபணு ஒன்று கெட்டால் அந்தக் குழாய் மூளையில் இருந்து கீழ்வரை திறந்தே கிடக்கும். நரம்புக்குழாய் சரியாக மூடாத சில மனிதர்களிடமும் இந்தக் குடும்பத்து மரபணுவில் மாற்றங்கள் இருப்பது 2007இல் வெளியானது. காதுக்குள் ஒலியை வாங்கும் செல்களும் இப்படி ஒரே திசையில் அணிவகுக்க வேண்டும். பெங்களூர் என்.சி.பி.எஸ்.-இல் ராஜ் லேதர் ஆய்வகம் இதைத்தான் படிக்கிறது.

தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் முடிக்குத் திசை உண்டு, அதைக் கையால் தடவியே படிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கவனித்ததில் தப்பில்லை, அதில் நம்ம வீட்டு வரவு செலவைப் படித்ததுதான் தப்பு. அந்தச் சுழி, பிறப்பதற்கு முன்பே கன்றின் செல்கள் தங்களுக்குள் பேசி முடித்த பேச்சு. அதில் நாம் யாரும் கிடையாது.

அந்தக் கன்றை விற்ற பிறகும் எங்க வீடு ஒன்றும் ஏறிவிடவில்லை.