யன்பு துறைமுகமும் நானூறு குதிரை வீரர்களும்

போர்த்துக்கல் என்றதும் வாஸ்கோ ட காமாவும் மிளகும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் பாடமும் அத்தோடு நின்றுவிடுகிறது. மிளகுக்கு அப்பால் அந்நாட்டு அரசவை எதற்கு ஆசைப்பட்டது என்பதை முஸ்லிம்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்நாட்டின் மக்கள்தொகை அன்று 15 லட்சத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆயினும், 1494-இல் தோர்தேசியாஸ் ஒப்பந்தத்தின் மூலம் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள உலகை அது காஸ்தில் அரசோடு பாகம் பிரித்துக்கொண்டது. 1499-இல் மன்னன் மனுவேல் தன் பட்டப்பெயரோடு ஒரு தொடரைச் சேர்த்துக்கொண்டான்: எத்தியோப்பியா, அரபகம், பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கடற்பயணத்துக்கும் வணிகத்துக்கும் அதிபதி! அன்று அரபகத்தில் ஒரு பேரீச்ச மரம்கூட அவனுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

கோவாவையும் மலாக்காவையும் பிடித்த அஃபோன்சோ டி அல்புகர்க் இந்த ஆசைக்குச் செயல்வடிவம் கொடுக்க முனைந்தான். அவனுடைய மகன் தொகுத்த நூலில் இரு திட்டங்கள் பதிவாகியுள்ளன. ஒன்று, மலையைக் குடைந்து நைல் நதியைச் செங்கடலுக்குத் திருப்பி எகிப்தை வறட்சியால் அழிப்பது. இதற்காக, கரும்புத் தோட்டங்களுக்குப் பாறைகளை வெட்டி வாய்க்கால் அமைத்துப் பழகிய மதைரா தீவுத் தொழிலாளர்களை அனுப்பும்படி மன்னனிடம் கேட்டானாம். மற்றொன்றைச் சொல்லவே நாக்கூசுகிறது. நானூறு குதிரை வீரர்களோடு யன்பு துறைமுகத்தில் இறங்கி, விரைந்து சென்று அண்ணல் நபி (ஸல்) அவர்களின் புனித உடலைக் கவர்ந்துவந்து, அதற்கு ஈடாக ஜெரூசலத்தைக் கேட்பது.

1513 மார்ச்சில் சுமார் 1,700 போர்த்துக்கேயரோடும் மலபார் வீரர்களோடும் அவன் ஏடன் நகரைத் தாக்கினான். மதிலில் சார்த்திய ஏணிகள், முண்டியடித்து ஏறியவர்களின் பாரம் தாங்காமல் முறிந்தன. பின்னர் செங்கடலுக்குள் நுழைந்தும், காற்று எதிர்த்து வீசியதால் ஜித்தாவை அடைய முடியவில்லை. கமரான் தீவில் காத்துக்கிடந்தபோது நோயால் பலர் மடிந்தனர். 1515-இல் அவனும் இறந்தான். அடுத்து வந்த லோப்போ சோரஸ் 1517-இல் பெரும் கப்பற்படையோடு ஜித்தாவின் எதிரே நங்கூரமிட்டான். அங்கே மதிலும் சல்மான் ரயீஸின் பீரங்கிகளும் ஆயத்தமாக இருந்தன. அவன் தாக்காமலேயே திரும்பினான். இறையில்லத்தைக் காத்தவன் அல்லாஹ். அதற்கு ஏணியும் காற்றும் காரணங்களாயின.

இவற்றைப் படிக்கையில் சிரிக்கத் தோன்றும். சிரிக்க முடியாதபடி செய்வது 1502-இல் நடந்த நிகழ்ச்சி. ஹாஜிகளோடு மக்காவிலிருந்து கள்ளிக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்ற கப்பலை வாஸ்கோ ட காமா மறித்தான். பெண்கள் தங்கள் நகைகளையும் கைக்குழந்தைகளையும் தூக்கிக் காட்டி மன்றாடினர். சில குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய நூற்றுக்கணக்கானோரோடு கப்பலைக் கொளுத்தினான்.

பெருந்திட்டம் தோற்றாலும் அதன் ஒரு சிறு துண்டு உயிரோடு இருந்தது. அதுதான் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு. கடலுக்கே வாடகை கேட்பதைப்போல, இச்சீட்டு இல்லாத கப்பலைப் பறங்கியர் கைப்பற்றினர். (அரபியின் 'கிர்தாஸ்' என்பதே இச்சொல்லின் மூலம் என்பர். அல்அன்ஆம் அத்தியாயத்தில் நாம் ஓதும் அதே சொல்.) மதீனாவை நெருங்கவும் முடியாதவர்கள், மதீனாவுக்குச் செல்லும் ஹாஜியின் கையில் தம் காகிதத்தைத் திணித்தார்கள்.

இது ஃபிக்ஹு சட்டத்தையும் தொட்டது. ஹஜ் கடமையாவதற்குப் பயண வழியில் அச்சமின்மையும் ஒரு நிபந்தனை அல்லவா? அக்பரின் அவையிலிருந்த மக்தூமுல் முல்க் அப்துல்லாஹ் சுல்தான்பூரி, ஹஜ் இப்போது கடமையில்லை என ஃபத்வா வழங்கினார். தரைவழியில் கிஸில்பாஷ்களின் தொல்லை. கடல்வழியில் மர்யம் (அலை), ஈஸா (அலை) ஆகியோரின் உருவங்கள் பொறித்த சீட்டு என்பன அவர் கூறிய காரணங்கள். வரலாற்றாசிரியர் பதாயூனி இதைக் குறைகூறியே எழுதியுள்ளார். உருவம் பொறித்த தாளைச் சுமப்பதற்கு அஞ்சி ஒரு ஃபர்ளையே விடுவதா என்ற கேள்வி என் உள்ளத்திலும் எழுகிறது. ஆயினும், 'மீரி'யை அறிந்த ஒரு தலைமுறையின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அக்பரின் அத்தை குல்பதன் பேகம் அம்மையார் அஞ்சவில்லை. 1575-இல் ஃபத்தேபூர் சிக்ரியிலிருந்து புறப்பட்ட அவர், சீட்டுக்காகச் சூரத்தில் பல மாதங்கள் காத்திருந்து 1576-இல் கப்பலேறினார். அவர் ஹிஜாஸில் தங்கியிருந்த ஆண்டுகளில், 1578-இல், மொராக்கோவை வெல்லப் புறப்பட்ட இளம் மன்னன் செபஸ்தியான் வாதில் மகாஸின் போரில் மாண்டான். அவனுக்கு வாரிசு இல்லை. 1580-இல் போர்த்துக்கல்லே ஸ்பெயின் மன்னனின் கைக்குப் போயிற்று. மீள்வதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. நாடு திரும்பும் வழியில் அம்மையாரின் கப்பல் ஏடன் அருகே உடைந்தது. அல்புகர்க்கின் ஏணிகள் முறிந்த அந்த ஊரிலேயே பல மாதங்கள் தங்கியிருந்துவிட்டு, 1582-இல் அவர் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்து சேர்ந்தார்.